நீ அவளோடு பேசிய மூன்று வருஷம்

இன்று காலை எதிர்வீட்டு மருமகள் பால் புகட்டும் பாலாடை இரவல் கேட்டு வந்தாள். அவள் குழந்தைக்கு எட்டு நாள். மார்பைப் பிடிக்கத் தெரியவில்லையாம். டிரங்குப் பெட்டியில், உன் சிவப்புச் சேலைக்கு அடியில் கிடந்ததை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். பாதியில் கை நின்றுபோயிற்று. அதன் மூக்கு மழுங்கியிருந்தது. ஒன்றரை வருஷம் வேளாவேளைக்கு நீ தேய்த்த தேய்ப்பு அது.

யுத்தம் முடிந்த வருஷம், ஆடி மாதத்தில் நம் மகள் பிறந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டுக் கரித்தூளோடு திருவொற்றியூர் வந்து சேர்ந்த என்னிடம், குழந்தையை நீட்டாமல் தயங்கி நின்றாள் மருத்துவச்சி. நானே துணியை விலக்கினேன். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. வாய்க்குள் அண்ணமும் பிளவு. அப்போது நான் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி உனக்கு மறந்திருக்காது.

"கிரகணத்தன்னிக்கு மீன் கீன் அரிஞ்சியாமே?"

நீ பெற்றுக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று வருஷம் இருந்தது. கேட்கவில்லை.

அவளால் உறிஞ்ச முடியவில்லை. குடித்த பால் மூக்கு வழியே வந்தது. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையால் சொட்டுச் சொட்டாக ஊட்டினாய். ஒரு வேளைப் பாலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். "இன்னாத்துக்கு இந்தப் பாடு? அது தங்காது, உட்ருமே," என்றாள் என் அக்கா. அதற்கப்புறம் நீ அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஆறாம் மாதம் ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைத்தார்கள். அண்ணத்தைத் தைக்க உடம்பு தேற வேண்டும், வருஷங்கள் ஆகும் என்றார்கள். டாக்டரம்மா நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "கிரகணமும் இல்லை, ஒண்ணும் இல்லை. மூளையிலயும் குறை தெரியலை. ஆனா இந்த மாதிரிக் குழந்தைங்களுக்குக் காதுக்குள்ள நீர் கட்டிக்கும், சத்தம் மந்தமாத்தான் கேக்கும். கிட்ட உக்காந்து, முகத்தைப் பாத்து நிறையப் பேசுங்க. வாயில பேச்சு வர்றதுக்கு முன்னாலயே காது வழியா உள்ள போகணும். இந்த வயசுல போறதுதான் நிக்கும்."

நீ தலையாட்டினாய். வாயே சரியில்லாத குழந்தைக்கு மூளை மட்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நான் வெளியே வந்தேன்.

நீ பேசினாய். மீன் ஆயும்போது அவளை எதிரே வைத்துக்கொண்டு, "தோ பாரு கண்ணு, இது நெத்திலி. இது காரப்பொடி, முள்ளு ஜாஸ்தி," என்பாய். துணி துவைக்கும்போது, "கடலு எரையுது, கேக்குதா?" என்பாய். அவள் முகத்துக்கு அருகில் குனிந்து, "நைனா வந்துகினு கீது, கால் சத்தம் கேக்குதா?" என்பாய். உள்ளே நுழைந்த நைனா நான்தான். ஒரு நாள் கேட்டேன்.

"செவுத்தாண்ட பேசினுகீறியாமே?"

"செவுரு சிரிக்குமாய்யா? இது சிரிக்குது பாரு."

நான் பார்க்காமல் கை கழுவப் போனேன்.

இரண்டு வயதிலும் அவள் வாயிலிருந்து மூக்கொலிதான் வந்தது. "தண்ணி கேக்குது", "காக்காவ வெரட்டச் சொல்லுது" என்று நீ எனக்கு எடுத்துச் சொல்வாய். நீயாகக் கட்டிச் சொல்கிறாய் என்று சிரித்தேன்.

அவளுக்கு மூன்று வயதான மழைக்காலத்தில் உனக்குக் காலரா கண்டது. இரண்டே நாள். குரல் அடைத்துப்போயிருந்தது. குழந்தையைக் காட்டி, "அதாண்ட பேசுய்யா," என்றாய். பேசுகிறேன் என்றேன்.

பேசவில்லை. அவளை அக்காவிடம் விட்டேன். அக்கா குளிப்பாட்டினாள், சோறு போட்டாள். நான் வேலை விட்டு வந்து, சாப்பிட்டுப் படுத்தேன். மெல்ல மெல்ல அவள் ஒலி எழுப்புவதையே நிறுத்தினாள். எது வேண்டுமானாலும் கையைக் காட்டினாள். "பாத்தியா, ஊமதான்," என்றாள் அக்கா. நானும் அப்படியே நம்பினேன். பத்து மாதம்.

ஒரு மத்தியானம் கப்பல் வராததால் சீக்கிரமே திரும்பினேன். வீட்டுக்குப் பின்னால் மணலில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கந்தல் துணியை உருட்டிக் குழந்தையாக்கி, மடியில் நிமிர்த்தி வைத்து, கிளிஞ்சலால் அதற்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டிக்கொண்டே பேசினாள். முதலில் என் காதில் விழுந்தது ராகம்தான். நீ இழுக்கும் இடத்தில் இழுத்தாள், நீ நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள். திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். நாலாவது தடவைதான் எனக்குச் சொற்கள் பிடிபட்டன.

"அழாத கண்ணு. நைனா வந்துடும். நைனா ரொம்ப நல்லது. அதுக்குப் பேசத்தான் தெரியாது."

நான் இல்லாத நேரத்தில் நீ அவளுக்குச் சொல்லி வைத்தது. உன்னைத் தவிர என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அங்கேயே மணலில் உட்கார்ந்தேன். "இன்னா கண்ணு சொன்ன? இன்னொருவாட்டி சொல்லு." அவள் கிளிஞ்சலைக் கீழே வைத்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். பதினோரு நாள் தினமும் அவள் எதிரே உட்கார்ந்து நான் மட்டும் பேசினேன். வேறு எதுவும் பேசத் தெரியாமல் கிரேனைப் பற்றிப் பேசினேன்: சங்கிலி, நிலக்கரி, கொக்கி. பன்னிரண்டாம் நாள் அவள் "கொக்கி" என்றாள். 'ஒங்ஙி' என்றுதான் வந்தது. எனக்குப் புரிந்தது. உன் பெயரைச் சொல்லி அழுதேன்.

ஆறு வயதில் அண்ணத்தையும் தைத்தார்கள். இப்போது நாலாம் வகுப்பு. குரல் இன்னும் மூக்கில்தான் வருகிறது, பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். கோபம் வந்தால் பழையபடி வாயை மூடிக்கொண்டு கையைக் காட்டுகிறாள். அந்தப் பத்து மாதத்தை எந்த டாக்டராலும் தைக்க முடியவில்லை. உன் முகம் அவளுக்கு நினைவில்லை.

போன மாதம் பள்ளி விட்டு வந்ததும் கேட்டாள். "நைனா, நா மொத மொதல்ல இன்னா வார்த்த சொன்னேன்?"

நீ இருந்த காலத்தில், ஒரு சாயங்காலம் வாசலிலேயே காத்திருந்தாய். அப்படி ஒரு முகத்தோடு உன்னை நான் பார்த்ததில்லை. "யோவ், இது இன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிச்சுய்யா!" என்றாய். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சோறு போடுமே," என்றேன். போட்டாய். என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

"மறந்துபோச்சு கண்ணு," என்றேன் அவளிடம். ஒரு காலத்தில் நைனாவுக்குத் தெரிந்திருந்தது என்றாவது அவள் நினைத்துக்கொள்ளட்டும்.