அப்பா முகத்தில் மணல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன், சளி விட்டதா?

நான் பெரிதாகப் போட்டு அனுப்பிய படத்தில் அப்பா முகம் முழுக்க மணல் தூவினாற்போல் இருக்கிறது, அக்கா பிலிமைக் கழுவத் தெரியாமல் கெடுத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். அதையும் நேராக என்னிடம் சொல்லாமல் அத்தானுக்கு எழுதியிருக்கிறாய். அந்த மனுஷர் அதைச் சாப்பாட்டு மேசையில் அப்பா முன்னாலேயே சத்தமாக வாசித்தார். பதினோரு வருடமாக ஸ்டுடியோ இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கை ஊற நிற்பவளுக்கு இது தேவைதான்.

ஆத்திரம் தாங்காமல் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பிலிம் கழுவும் டெவலப்பர் மருந்து சூடாக இருந்தால் பிலிமில் உள்ள புள்ளிகள் பெரிதாகும். என் தெர்மாமீட்டர் ஒரு டிகிரி குறைத்துக் காட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு டிகிரிக்கு இவ்வளவு மணல் விழாது. நேரம் கூடினாலும், கழுவும் டாங்கை அளவுக்கு மீறிக் குலுக்கினாலும் வரும். இரண்டும் நான் செய்கிறவள் இல்லை. நேற்று அதே வகைப் பிலிமில் குழந்தைகளைப் படமெடுத்து, அதே தெர்மாமீட்டர், அதே மருந்து வைத்துக் கழுவினேன். முகங்கள் பளிச்சென்று வந்திருக்கின்றன.

அப்புறம்தான் நீ வண்டி ஏறும்போது என் கையில் திணித்த ரோலின் நெகட்டிவை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பெட்டி, வண்டி, உன் சிநேகிதர்கள். அப்பா ஒரே ஒரு படத்தில். நீ கேட்டுக்கு வெளியே நின்று எடுத்திருக்கிறாய். அவர் உள்ளே நாற்காலியில். முகம் கடுகளவு. அந்தக் கடுகைச் சுவர் அகலத்துக்கு ஊதச் சொன்னால் பிலிமில் உள்ள புள்ளிகளும் சேர்ந்துதான் ஊதும். அதற்கு எந்த மருந்தும் கிடையாது. அப்பாவோடு பேச்சை முறித்து, அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி, வீம்பாகத் தள்ளி நின்றவன் நீ. பழி மட்டும் என் கைக்கா?

அடுத்த மாதம் எட்டாம் தேதி அவருக்கு இதய ஆபரேஷன். லீவு கிடைக்காது என்று எழுதிய அதே கடிதத்தில்தான் நீ படமும் கேட்டாய். அதை நான் மறக்கவில்லை. அத்தான் வாசித்து முடித்ததும் அப்பா, "நான் இங்கதானே இருக்கேன், அவனுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய படம்?" என்று கேட்டார். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நாலு தடவை பிரிண்ட் போட்டுவிட்டேன். இனி போட மாட்டேன். ஏழாம் தேதிக்குள் கேமராவோடு வா. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கிறேன். கை எட்டுகிற தூரத்தில் நின்று எடு. முதல் பேச்சு உன்னுடையதாக இருக்கட்டும்.

நீ வருகிறாய் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா என்று மட்டும் உடனே எழுது.

நீ நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் இவ்வளவு திட்டும்,
உன் அக்கா