என்னை ஆடுகிறவன்

அன்பு மகளுக்கு, அப்பா வாயால் சொல்ல அம்மா கையால் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும், முக்கியமாக அறுத்துத் தைத்த உன் முழங்கால் இனியாவது சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள், அவர்கள் கட்டிலை நாலு பேர் சேர்ந்து இறக்கிய லட்சணத்தைப் பார்த்து எனக்குக் கை துறுதுறுத்தது, எழுந்து போகப் பார்த்தேன், அம்மா சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். சரி, இதையெல்லாம் கேட்கவா நீ காத்திருக்கிறாய். உன் குழு நம் ஊருக்கு வரும் முன் நீ போனில் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. "அப்பா, உன்னை வச்சுத்தான் இந்த ஆட்டத்தைப் பண்ணியிருக்கேன், என் கால் இப்படி இருக்கு, என்னால வர முடியாது, நீ போய்ப் பாரு. உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லு, அடுத்த ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே நிறுத்திடறேன். போன்ல சொல்லாதே, போன்ல நீ எல்லாத்துக்கும் சரி சரின்னுட்டு வச்சிடுவே, கடுதாசி போடு" என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம். ஆட்டம் நிற்பதா நடப்பதா என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நான் பட்ட பாட்டைக் கேள்.

முதல் நாள் அம்மாவுக்குத் தலைவலி, அதனால் நீ ஒட்டகச் சித்தப்பா என்று கூப்பிடுகிற என் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு போனேன். என்னோடு காலமெல்லாம் பீரோ தூக்கிய மனிதனை விட்டு நான் யாரைக் கூட்டிப் போவேன். அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. மேடையிலும் ஒரு சாமான் கிடையாது. சித்தப்பா என் காதோரம், "பீரோ எங்கண்ணே?" என்றார். ஒரு பெண் கைகால் விறைத்து மல்லாந்து கிடந்தாள், இரண்டு பேர் வந்து அவளைத் தூக்கினார்கள், "அந்தப் பொண்ணுதான்யா பீரோ" என்றேன். "கதவு எத்தனைன்னு தெரியலியே" என்றார். பின்னால் ஒருவர் தன் மனைவியிடம் பாட்டு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், வராது என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டார், இன்னொருவர் அழகாகக் குறட்டை விட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அந்த இரண்டு பேரில் கீழே பிடித்தவன்தான் நான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, வலது தோளைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தான். என் தோள் இறங்கியது பாரம் தூக்கி. இவன் சும்மா இறக்கி வைத்திருக்கிறான், அதற்கு விளக்கு வேறு போடுகிறார்கள்.

படியில் பீரோ ஏற்றும்போது மேலே பிடிக்கிறவன் பின்பக்கமாகவே நடந்து ஏற வேண்டும், அவனுக்குப் படி தெரியாது, கீழே பிடிக்கிறவன்தான் பக்கவாட்டில் தலையை நீட்டிப் பார்த்து "படி" என்று குரல் கொடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். சித்தப்பா மேலே, நான் கீழே, அந்தக் குரல் எப்போதும் என் குரல். மேடையில் சித்தப்பாவாக ஆடியவன் பின்பக்கமாகவே போகிறான், போகிறான், அவன் குதிகாலுக்குப் பின்னால் படி உயரத்துக்கு ஒரு திட்டு வருகிறது, என்னை ஆடுகிறவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஆட்டமும் தெரியவில்லை அரங்கமும் தெரியவில்லை, "படி! டேய், படி!" என்று கத்திவிட்டேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா என் குரலைக் கேட்டதும் பழக்கத்தில் காலைத் தூக்கி முன் நாற்காலிக்காரரின் முதுகில் ஓர் உதை விட்டார். அப்புறம் ஒரு சிரிப்பு, அப்புறம் கைதட்டல், உதை வாங்கினவரும் தட்டுகிறார், எல்லாம் ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு மானம் போய்விட்டது, சித்தப்பாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், மீதி ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் அவன் வீட்டுக்கே வந்துவிட்டான். என்னை ஆடுகிறவன்தான். நீ முகவரி கொடுத்தாயாம். வந்தவன் வாசலில் செருப்பை நேராக வைத்தான், அதிலேயே அம்மாவுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. நானும் காலமெல்லாம் செருப்பை நேராகத்தான் வைக்கிறேன், அதை யாரும் பார்த்ததில்லை. அவனுக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று பரிமாறினாள். அவன் என்னைப் பார்த்து, "ஐயா, நேத்து நீங்க கொடுத்த குரல் ரொம்ப நல்லா இருந்துச்சு, இன்னிக்கும் குடுங்களேன், நான் அந்த இடத்துல நிக்கிறேன்" என்றான். தண்ணீர் குடிக்க அவன் எழுந்த மாதிரி, சொம்பைத் தூக்கிய மாதிரி, எல்லாம் நான். அவன் போனதும் அம்மா சொல்கிறாள், "உங்களைவிட அவன்தாங்க உங்க மாதிரி இருக்கான்." இதை எழுதமாட்டேன் என்றாள், சொன்னது உண்மை, எழுது என்றேன்.

இரண்டாம் நாள் அரங்கம் நிரம்பிவிட்டது, ஒரு கிழவர் நடுவில் கத்துகிறாராம் என்று ஊரில் பேச்சாம். அம்மாவும் வந்தாள், நல்ல புடவை. அந்த இடம் வந்தது. அவன் நின்றான், மேலே போகிறவன் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறான், இரண்டு பேரும் நான் இருக்கும் பக்கம் பார்க்கிறார்கள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். தோளை எடுத்துக்கொண்டாய், நடையை எடுத்துக்கொண்டாய், என் வீட்டில் சோறும் தின்றாய், குரலும் வேண்டுமா, கிடையாது போ என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது பின்னாலிருந்து எவனோ, முகம் தெரியாதவன், "படி!" என்றான். அவனைப் பார்த்து இன்னொருவன். அப்புறம் ஒரு கூட்டமே. ஒரே கைதட்டல். நான் மட்டும் சும்மா இருந்தேன், என் குரலை டிக்கெட் வாங்கினவன் எல்லாம் எடுத்துக்கொண்டான். வயிறு எரிந்தது கண்ணு, பொய் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் மீதியைப் பார்த்தேன். பீரோவாக இருந்த பெண் எழுந்து நீயாக ஆகிவிட்டாள், நீ பெட்டியோடு போகிறாய், அவன் வளைந்த முதுகோடு நின்றுகொண்டே இருக்கிறான், நிமிரவே இல்லை. நான் அப்படியெல்லாம் நின்றதில்லை. நீ போன அன்று ரயிலடியிலிருந்து நேராக வேலைக்குத்தான் போனேன். ஆனால் அரங்கத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் மூக்கைச் சிந்துகிறார்கள். எனக்கு இடது பக்கம் ஓர் அம்மாள் விசும்பி விசும்பி அழுதாள். "எங்கப்பா பேங்க்குல உக்காந்தே வேலை பார்த்தவரு, ஒரு நாற்காலிகூட நகர்த்தினதில்ல, ஆனா இது எங்கப்பாவேதான்" என்றாள். நான் மெதுவாக, "அம்மா, அது நான்தாம்மா" என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "எல்லாருக்கும் அப்படித்தான் தோணுது பெரியவரே" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் அழப் போய்விட்டாள். சரி என்று வலது பக்கம் திரும்பினால் உன் அம்மா. முந்தானை முழுக்க ஈரம். என் இடுப்புப் பிடித்து நான் தரையில் கிடந்த நாட்களில் தைலம் தேய்த்தவள் இவள், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டவள் இல்லை. கேட்டதற்கு, "உங்களுக்காக அழ உக்காந்தா அடுப்பை யாரு பார்க்கிறது? இங்கே எனக்கு வேலை இல்லை, அழுதேன்" என்றாள். அவன் வெளியே வந்தபோது இவளே கூட்டத்தில் புகுந்து அவன் கன்னத்தைத் தொட்டாள். என்னையும் நாலு பேர் பார்த்தார்கள், வழியை மறைக்கிறேன் என்று.

உண்மையைச் சொன்னால் அவன் நடை என் நடையைவிட நன்றாக இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் யாரும் இல்லாதபோது அவனைப் போலக் கொஞ்சம் நடந்து பார்த்தேன், பாதத்தை அமுக்கி வைத்து, மெதுவாக, தோளை இறக்கி. சித்தப்பா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "என்னண்ணே, உங்களையே நீங்க காப்பி அடிக்கிறீங்க?" என்றார். அந்த மனிதனுக்குப் பொறாமை என்பதே கிடையாது. தன்னை ஆடுகிறவன் தன்னைவிட அழகாக இருக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மூன்றாம் நாள், அதுதான் கடைசி நாள், நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை. முதல் நாள் பாதியில் ஓடிவிட்டேன், இரண்டாம் நாள் அந்த அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்ததில் ஓர் இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன். அந்தப் பெண் அவன் தோளில் ஏறி உட்கார்கிறாள். அவன் இரண்டு காதையும் பிடித்துக்கொள்கிறாள். இடது காதை இழுத்தால் இடது பக்கம் திரும்புகிறான், வலது காதை இழுத்தால் வலது, இரண்டையும் சேர்த்து இழுத்தால் நிற்கிறான். அரங்கமே குலுங்கிச் சிரித்தது, சின்னப் பிள்ளைகள் நாற்காலியில் எழுந்து நின்று சிரித்தன. அப்புறம் அவள் காதைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறாள், அவன் தலையைச் சாய்க்காமல் அப்படியே நடக்கிறான். சிரித்தவர்கள் எல்லாரும் அடங்கிப்போனார்கள். எனக்கு மட்டும் உட்கார முடியவில்லை.

உனக்கு அது நினைவிருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அம்மா தையல் கடையில் இருந்து வர நேரமாகும், நான் வேலையை முடித்துவிட்டு உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வருவேன், அந்தக் கொஞ்ச தூரம் எனக்கு வழி தெரியாது, என் காதைப் பிடித்த உன் கைதான் வழி. பெரும்பாலும் தப்பான தெருவுக்குத்தான் திருப்புவாய். நாள் முழுக்க என் முதுகில் ஏறியது எல்லாம் ஊராருடைய சாமான். அது மட்டும் என்னுடையது. நீ பெரியவளான பிறகு ஒரு நாள்கூட அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. சின்ன வயதுச் சங்கதி, மறந்திருப்பாய் என்று நானே வைத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் நீ மறக்கவில்லை, அதை எனக்குச் சொல்வதற்கு முன்னால் அரங்கம் அரங்கமாகச் சொல்லிவிட்டாய். வெளியே வந்தோம், பேருந்து நிற்கும் இடத்தில் ஓர் ஆள் பிள்ளையைத் தோளில் வைத்திருக்கிறான், பிள்ளை காதை இழுக்கிறது, அவன் திரும்புகிறான், சுற்றி நிற்பவர்கள் எல்லாம் கைதட்டுகிறார்கள். நான் பேருந்தில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அம்மா, "ஊர்ல எந்தப் பிள்ளைதான் அப்பன் காதைப் பிடிக்கலே? அதுக்குப் போய் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு" என்றாள். பிடிக்கட்டும். அவரவர் காதை அவரவர் பிள்ளை பிடிக்கட்டும்.

ஆகையால் கண்ணு, என் பதில் இது. ஆட்டத்தை நிறுத்தாதே. எல்லா ஊருக்கும் போகட்டும். பீரோவை வைத்துக்கொள், தோளை வைத்துக்கொள், "படி" என்கிற குரலை யார் வேண்டுமானாலும் கத்தட்டும், நிமிராத முதுகையும் வைத்துக்கொள், அது என்னுடையது இல்லை என்றாலும் அந்த பேங்க்கு அம்மாளுக்கு வேண்டியிருக்கிறது. காதை மட்டும் எடுத்துவிடு. அந்தப் பெண் தோளில் ஏறட்டும், அவன் திரும்பட்டும், நிற்கட்டும், காதைத் தொடாமல் எப்படிச் செய்வது என்று நீ யோசி, நீதானே அதைப் படித்தவள். எல்லாரும் சிரித்த இடத்தை எடுத்துவிட்டால் எப்படி என்று அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். அவர்களுக்கு நான் வேறு நிறையக் கொடுத்துவிட்டேன், எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

முழங்காலுக்குச் சொன்ன பயிற்சியைச் சோம்பல் படாமல் செய், மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் நீயாக மாடிப்படி ஏறாதே. என்னை ஆடுகிறவனிடம் ஒன்று சொல், வெறும் இடுப்போடு தூக்குகிறான், துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூக்கச் சொல், இந்த வயதில் தெரியாது, பிறகு தெரியும். நான் சொன்னேன் என்று சொல்லவேண்டாம். நீ நூறு வயது நல்ல காலோடு இருக்க வேண்டும், உன் ஆட்டத்துக்கு எந்த ஊரிலும் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. காதை எடுத்துவிட்டேன் என்று மறக்காமல் பதில் போடு. போனில் சொல்லாதே, போனில் நீயும் சரி சரி என்றுவிட்டு வைத்துவிடுவாய்.

இப்படிக்கு,
உன் ஒரே அப்பா
(கைநாட்டு)