கூரை மேல் நாற்பத்து மூன்று புள்ளிகள்

செப்டம்பர் 3, புதன்

எங்கள் வேளாண் மையத்தின் போன் சேவைக்கு நாற்பத்து மூன்று விவசாயிகளைப் பதிவு செய்து முடித்தேன். ஒரே நாள், ஒரே ஹால், ஒரே நாற்காலி. முதுகு விட்டுப்போச்சு. இனிமேல் தினமும் காலை ஆறு மணிக்கு இவர்கள் போன் அடிக்கும். எடுத்தால் ஒரு குரல் பேசும் – உங்கள் உருளைக்கிழங்கு வயலில் இன்று நோய் வருமா, மருந்து அடிக்கலாமா, தண்ணீர் விடலாமா என்று. ஒவ்வொருவர் வயலுக்கும் போய், நடுவில் நின்று, 'இடம்' என்ற பட்டனை அழுத்தச் சொல்லி வழிகாட்டியில் போட்டிருக்கிறது. எழுதியவர் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். நாற்பத்து மூன்று வயல், எனக்கு வண்டி கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கிறது. பயிற்சி ஹாலிலேயே அழுத்திவிட்டேன். எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரம்தானே.

அண்ணியும் வந்திருந்தாள். வராமல் இருப்பாளா? என் வகுப்பில் நொட்டை சொல்லக் கிடைக்கிற வாய்ப்பை விடுவாளா?

"இந்தக் குரலுக்கு என் நிலம் எதுன்னு எப்படித் தெரியும்?"

"சேட்டிலைட்டுக்குத் தெரியும் அண்ணி."

"ஓ. அது எப்ப வந்து பார்த்துட்டுப் போச்சு?"

ஹாலே சிரித்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

இரண்டாம் வகுப்பு. முன்வரிசையில் ஒரு ஆள் இருக்கிறார், நான் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டுவார். தலையாட்டி என்றே பெயர் வைத்துவிட்டேன். இப்படி நாற்பது பேர் கிடைத்தால் என் வேலை சொர்க்கம். அண்ணி ஒருத்தி போதும், நரகமாக்க.

அவள் சொல்வதெல்லாம் கேள்வி. கேட்பதெல்லாம் குத்தல். எட்டாவது வரை படித்தவள். அப்பாவின் நிலம் அண்ணனுக்கு, எனக்குப் படிப்பு என்று பங்கு பிரித்தார்கள். அண்ணன் லாரி ஓட்டப் போய்விட்டான். வேளாண்மை படித்த எனக்கு ஒரு பிடி மண் இல்லை. நிலத்தில் இறங்கி நிற்பது அவள். எரியாமல் என்ன செய்யும்?

செப்டம்பர் 30, செவ்வாய்

அண்ணன் போன் செய்தான். இந்தப் போகம் கைகொடுக்கவில்லை என்றால் நிலத்தைச் செங்கல் சூளைக்காரருக்கு விட்டுவிடலாம் என்று யோசிக்கிறானாம். மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால் அப்புறம் அது நிலமா? "அவ ஒத்தையா எத்தனை நாளைக்கு மாரடிப்பா" என்கிறான். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவளுக்கும் ஒரே கட்சி. அவளிடம் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 8, புதன்

இன்று போட்டேன் ஒரு போடு.

வகுப்பு பாதியில் எழுந்து நின்றாள். "நாலு நாளா எங்க பள்ளத்துல மூடுபனி. பத்து மணி வரைக்கும் இலை சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடக்கு. உன் போன் என்னடான்னா காத்து வறண்டிருக்கு, கருகல் நோய் வராது, மருந்து வேண்டாம்னு சொல்லுது. எனக்கு அடிக்கணும்னு தோணுது."

"தோணுது! தோணுதுன்னு அடிச்சு அடிச்சுதான் அண்ணி மண்ணெல்லாம் விஷமாக் கிடக்கு. தோணுறதை வச்சு விவசாயம் பண்ணணும்னா இந்த வகுப்பு எதுக்கு, நான் எதுக்கு? சொன்னதைக் கேட்கப் பிடிக்கலைன்னா நாளையிலேர்ந்து வராதீங்க."

ஹாலே திரும்பி அண்ணியைப் பார்த்தது. தலையாட்டி மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அண்ணி முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஒரு கேள்வி இல்லை.

அவள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சேர்ந்த பதினைந்து வருஷக் கடன் தீர்ந்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன்.

அக்டோபர் 9, வியாழன்

கடைத்தெருவில் பார்த்தேன். எதிர்ப்பக்கம் போய்விட்டாள். போகட்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

அண்ணி வயலில் கருகல் நோயாம். தலையாட்டி வந்து சொன்னார். ஐந்தே நாளில் முழுசும் கறுத்துவிட்டதாம். அவர் வயல்? "பச்சைப் பசேல்னு இருக்கு மேடம். எல்லாம் உங்க புண்ணியம்." விசாரித்தேன் – மற்ற நாற்பத்து இரண்டு பேரின் வயலும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆக, கேட்டவர்கள் பிழைத்தார்கள். இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அக்டோபர் 20, திங்கள்

சேத அறிக்கை எழுதப் போனேன். வேலியோரம் நின்றே பார்த்தேன், உள்ளே இறங்கவில்லை. செடியெல்லாம் வெந்த கீரை போல மண்ணில் ஒட்டிக் கிடந்தது. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். அண்ணி ஒரு செடியைப் பிடுங்கி, அழுகிய கிழங்கை என் காலருகே போட்டாள்.

பேசியிருக்கலாம். திட்டியிருக்கலாம். நானும் திருப்பித் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். இப்படி வாயைக் கட்டிக்கொண்டு நின்றால் என்ன அர்த்தம்?

அலுவலகம் வந்து காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: "விவசாயி அறிவுரையைப் பின்பற்றவில்லை." இப்படி எழுதினால் அடுத்த போகத்துக்கு மையத்தின் விதைக்கிழங்கு கிடைக்காது. தெரிந்தேதான் எழுதினேன்.

அக்டோபர் 25, சனி

அண்ணன்: "விதை இல்லேன்னு லெட்டர் வந்திருக்கு. சூளைக்காரரை வரச் சொல்லிட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னதான் நடக்குது?"

அவளையே கேளு என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

நிதானமாக எழுதுகிறேன்.

அண்ணி மேல்முறையீடு கொடுத்திருக்கிறாள். "போன் சொன்னபடிதான் செய்தேன்" என்று, கோணல் மாணலான கையெழுத்தில். புளுகு என்று நினைத்தேன். நிரூபித்துவிடலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். யார் எந்தச் செய்தியை எத்தனை நொடி கேட்டார்கள் என்று அதில் பதிவாகும். செய்தி ஒவ்வொன்றும் தொண்ணூறு நொடி.

தலையாட்டி: ஐந்து நொடி. ஐந்து நொடி. நான்கு. ஐந்து. எடுத்த கையோடு வைத்திருக்கிறார். அடுத்தவர் ஆறு. அதற்கடுத்தவர் எடுக்கவே இல்லை. நாற்பத்து இரண்டு பேரும் இதே லட்சணம்.

அண்ணி: தொண்ணூறு. தொண்ணூறு. தொண்ணூறு. ஒருநாள் விடாமல். மூடுபனி விழுந்த அந்த வாரம் திரும்ப அழைத்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டிருக்கிறாள்.

அப்படியென்ன சொன்னது என்று அந்த வாரத்துச் செய்திகளைப் போட்டுக் கேட்டேன். காற்று வறட்சி, நோய் அபாயம் இல்லை. அதெப்படி? பள்ளத்தில் ஓடையோரம் இருக்கிற நிலம். வரைபடத்தில் அவள் புள்ளியைத் தேடினேன். பள்ளத்தில் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன் – மேட்டில், பயிற்சி ஹாலின் தகரக்கூரை மேல் ஒரு புள்ளி. அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. நாற்பத்து மூன்றும் அங்கேயே.

எட்டு வாரமாக ஒரு கூரைக்கு வானிலை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். கூரை மேல் காற்று வறட்சியாகத்தான் இருந்திருக்கும்.

நான்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடி, நான்தான் அழுத்தினேன். அடிப்பாவி, நான்தான்.

அக்டோபர் 29, புதன்

வகுப்பை ரத்து செய்தேன். மேலாளரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மத்த நாப்பத்து ரெண்டு பேருக்கு ஒண்ணும் ஆகலைல்ல? அப்புறம் எதுக்கு ஊதிப் பெருசாக்குறீங்க? புள்ளியை மாத்திட்டு விட்டுடுங்க. வேணும்னா சாஃப்ட்வேர் கோளாறுன்னு எழுதலாம்."

"அது கோளாறு இல்ல சார். நான்."

"உங்க சொந்தக்காரங்களா அவங்க?"

"ஆமா."

"அதான் பார்த்தேன்."

எதைப் பார்த்தாராம்? மண்ணாங்கட்டி. அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

அண்ணி வீடு. உள்ளே கூப்பிடவில்லை. வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பிரேயர் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடிக்கும் வரை நிமிரவில்லை.

"மத்தவங்க யாருமே கேட்கலை அண்ணி. நீங்க மட்டும் ஏன்..."

"நீ படிச்சவ." குழாயை உதறினாள். "உன் வாய் எனக்குப் பிடிக்காது. உன் குணம் பிடிக்காது. ஆனா படிப்பை நான் என்னிக்காவது குறைச்சுப் பேசியிருக்கேனா? சொல்லு. அத்தனை பேர் முன்னாடி அவ்வளவு உறுதியாச் சொன்னியே. சரி, நமக்குத்தான் தெரியலைன்னு கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். ஸ்பிரேயர்ல மருந்து கலக்கி ரெடியா இருந்துச்சு. கொண்டுபோய்க் கொட்டினேன்."

குழாயைச் சுவரில் மாட்டினாள்.

"மன்னிப்பு கேட்கத்தானே வந்த? எங்க வச்சு என்னைச் சொன்னியோ அங்க வச்சுச் சொல்லு. வாசல்ல நின்னு முணுமுணுக்காத."

கதவைச் சாத்திவிட்டாள்.

நவம்பர் 5, புதன்

சொன்னேன். நாற்பத்து மூன்று பேர் முன்னால், குரல் பிசிறடிக்க. தப்பு என்னுடையது, அண்ணி சொன்னதுதான் சரி என்று.

தலையாட்டி எழுந்தார். "அட விடுங்க மேடம். நாங்கெல்லாம் அந்த வாரமே அடிச்சுட்டோம். போன் பேச்சை யாரு கேட்டா?"

ஹால் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவர் மீது ஒருவர் சாய்ந்து சிரிக்கிறார்கள். வகுப்புக்கு வகுப்பு தலையாட்டிவிட்டு, போனில் 'பயனுள்ளது' என்பதற்கான ஒன்றாம் எண்ணை அழுத்திவிட்டு, வீட்டுக்குப் போய் அவரவர் இஷ்டத்துக்கு அடித்திருக்கிறார்கள். என்னை நம்பியது ஒரே ஒரு ஆள். எதிரே நின்று சண்டை போட்ட ஆள்.

அண்ணி சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நவம்பர் 11, செவ்வாய்

பஸ்ஸிலும் நடந்தும் நாற்பத்து இரண்டு வயல் முடித்தேன். செருப்பு வார் அறுந்தது. கடைசியாக அண்ணி வயல்.

வரப்பில் நின்று பட்டனைத் தொடப் போனேன்.

"அங்க நின்னு என்னத்தை அழுத்துற? உள்ள இறங்கு."

இறங்கினேன். அழுகல் கணுக்கால் வரை.

"இன்னும் கீழ. ஓடைப் பக்கம். அங்கதான் பனி முதல்ல இறங்கும்."

போய் நின்றேன். அழுத்தினேன். இடம் பதிவானது என்று வந்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் போயிருந்தாள். கால் கழுவத் தண்ணீர் கேட்க ஆளில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

அண்ணிக்கு விதைக்கிழங்கு கொடுக்க உத்தரவு வந்துவிட்டது. சூளைக்காரரை வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான். எனக்கு மெமோ. வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

அண்ணி நட்டு ஆறு வாரமாகிறது. முளைப்பு நன்றாக இருக்கிறதாம், அண்ணன் சொன்னான். என்னோடு இன்னும் பேச்சு இல்லை. வகுப்புக்கும் வருவதில்லை.

அந்த வயலின் செய்தி எனக்கும் வரும்படி என் எண்ணையும் சேர்த்திருக்கிறேன். காலை ஆறுக்கு அடித்தது. பள்ளத்தில் மூடுபனி, இலையில் ஈரம், கருகல் அபாயம் அதிகம், இன்றே மருந்து அடிக்கவும். தொண்ணூறு நொடியும் நின்று கேட்டேன். இந்த முறை சரியாகத்தான் சொன்னது.

அலுவலகம் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன்.

அண்ணி: நான்கு நொடி.