அரசாங்கத்திடம் சொன்னது

சென்ற வாரம் எனக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். புது பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை. என் படம், அதன் கீழே 'மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்' என்ற எழுத்து. மாநகராட்சியில் இளநிலை உதவியாளராக இருக்கிறவளுக்கு இந்த வேலை வரும் என்று தெரியும், தட்டிக்கழிக்க முடியாது. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பயிற்சி பெற்றோம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள் என்றார் பயிற்சி கொடுத்தவர்: "நீங்க சொல்றது எதுவும் வெளிய போகாது. போலீஸ் கேட்டாலும் கிடையாது, கோர்ட்டு கேட்டாலும் கிடையாது."

பக்கத்தில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். நான் பேனாவைத் திறக்கவில்லை. அதே வார்த்தைகளை நீ என் வீட்டுக்கு வந்து சொல்லிக் கேட்டவள் நான்.

நீ போய்ச் சேர்ந்து வருடங்கள் ஓடிவிட்டன. நம் பேச்சு நின்றது அதற்கும் முன்னால். என்றாலும் அன்று பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் மனதுக்குள் உன்னோடுதான் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

மந்தைவெளியில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாடிப்படி, எதிரெதிர்க் கதவு. நீ மாநகராட்சிப் பள்ளியில் டீச்சர். நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். கடையிலிருந்து நான் வர நேரமானால் மலர் உன் வீட்டில் சாப்பிட்டு, உன் மடியிலேயே தூங்கிப்போயிருப்பாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் வீட்டில் கிடத்துவாய். வகுப்பில் சுத்தமான தமிழில் பாடம் நடத்திவிட்டு, படியேறும்போதே "இன்னாடி, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று குரல் கொடுப்பாய். உன் மாமியாரின் நச்சரிப்பு, உன் வீட்டுக்காரரின் குடி எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுவாய். என் கதை மட்டும் உனக்குத் தெரியாது.

மலரின் அப்பா மஸ்கட்டில் வேலையில் இருப்பதாகத்தான் உனக்கும் சொல்லியிருந்தேன். உண்மையில் அவர் எப்போதோ திரும்பி வந்து, கோயம்புத்தூரில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். விவாகரத்து, வழக்கு எதுவும் இல்லை. போன் வருவது நின்றுபோனது, அவ்வளவுதான். மலர் அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பா வரும்போது சைக்கிள் வாங்கி வருவார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அவளுக்குப் புரிகிற வயது வரட்டும், நானே பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொள்கிறேன் என்று இருந்தேன். யாராவது ஒருத்தருக்குத் தெரிந்தாலும் அது குழந்தையின் காதுக்கு வந்துவிடும் என்ற பயத்தில்தான் உன்னிடம்கூட மூச்சு விடவில்லை.

போன கணக்கெடுப்பில் நம் தெரு உன் பங்குக்கு விழுந்தது. கழுத்தில் அட்டையும் தோளில் பையும் கையில் நீளமான தாள்களுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கதவைத் தட்டினாய். தினமும் தட்டாமலே உள்ளே வருகிறவள் அன்று தட்டிவிட்டு வெளியே நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. மலரைக் கீழே விளையாட அனுப்பச் சொன்னாய். நாற்காலியில் உட்கார்ந்து பெயர், வயது, படிப்பு, தாய்மொழி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாய். திருமண நிலை என்ற இடம் வந்ததும் கேட்காமலே எழுதப் போனாய். நான் "இரு" என்றேன்.

பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். அப்போதுதான் அதைச் சொன்னாய். "நீ சொல்றது இந்தத் தாளோட சரி. போலீஸ் கேட்டாலும் கிடையாது, கோர்ட்டு கேட்டாலும் கிடையாது. என் வீட்டுக்காரர் கேட்டாக்கூட நான் வாயத் தொறக்கக் கூடாது. மேல போனா பேரெல்லாம் போயிடும், வெறும் எண்ணிக்கதான் நிக்கும்." புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லாத பெண்கள் அதைச் சொல்லவே வேண்டாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்றும் சொன்னாய்.

தோழியிடம் சொல்ல முடியாததை அரசாங்கத்திடம் சொல்லிவிடலாம் என்று அந்த நிமிடம் தோன்றியது. "பிரிஞ்சி இருக்கோம். அவரு வேறொருத்தியோட குடித்தனம் பண்றாரு" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீ மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதற்குரிய எண்ணை எழுதினாய். போகும்போது என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, கதவை நீயே சாத்திக்கொண்டு போனாய். அன்று மத்தியானம் நான் தூங்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு நல்ல தூக்கம்.

பங்குனித் திருவிழா முடிந்த சமயம், ஒரு சாயங்காலம் மலர் படியேறி வந்தாள். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு அழுதாராம். தலையைத் தடவித் தடவி, பாவம் பாவம் என்றாராம். "அப்பா வேற கல்யாணம் பண்ணிக்கினாராமே? மஸ்கட்ல இல்லியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அழவில்லை. "உங்க எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் "நெஜமாவா?" என்று ஒரு முறை கேட்காமல் அவள் நம்பியதில்லை. இப்போது வேலைக்குப் போகிற பெண். இன்னும் கேட்கிறாள்.

உன்னை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். நீ மறுக்கவில்லை. "அந்த அம்மா உன்னப் பத்தி தப்பா பேசிக்கினு இருந்தாங்கடி. புருஷன் ஊர்ல இல்லாதப்ப யாரோ வந்துகினு போய்க்கினு கீறான்னு. கேட்டுக்கினு எப்படி சும்மா நிக்கறது? அவ மேல தப்பில்ல, அவன்தான் உட்டுட்டு வேற ஒருத்திகூட போயிட்டான்னு சொன்னேன். ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

கணக்கெடுக்க வந்தவளிடம் சொன்னதை நீ எப்படி இன்னொருவரிடம் சொல்லலாம் என்று கேட்டேன்.

"நான் உன் ஃபிரண்டாத்தான்டி சொன்னேன்" என்றாய்.

எனக்கு ஆறாமல் கிடப்பது அந்தப் பதில்தான். நான் என் தோழியிடம் சொல்லவே இல்லையே. அட்டை மாட்டிக்கொண்டு வந்த ஒருத்தியிடம், அவள் கொடுத்த வாக்கை நம்பிச் சொன்னேன். கேட்டுக்கொண்டவள் ஒருத்தி, போய்ச் சொன்னவள் இன்னொருத்தி என்று நீ பிரித்துக்கொண்டாய். என் குழந்தையிடம் அதைச் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது. எந்த வார்த்தையில் தொடங்குவது, அப்போது அவள் கையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவ்வளவையும் நீ வீட்டுக்கார அம்மாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாய்.

கோடை விடுமுறையில் வீட்டைக் காலி செய்துகொண்டு பாலவாக்கத்துக்குப் போனோம். சாமான் இறக்கும்போது நீ உன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். நான் திரும்பவில்லை.

பிறகு தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்தேன். கேட்டதை வெளியே சொல்லும் கணக்கெடுப்பாளருக்கு அபராதமும் சிறையும் உண்டு என்பதைப் போன வாரம்தான் பயிற்சியில் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் உன் மேல் புகார் கொடுத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். கொடுத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். நீ எழுதிக்கொண்டு போன அந்தத் தாள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிரிந்து வாழும் பெண்கள் இத்தனை பேர் என்று வந்த மொத்தத்தில் நானும் ஒருத்தியாகக் கலந்துபோனேன். அதற்குள் கையை விட்டு என்னைத் தனியாக எடுக்க எவராலும் முடியாது. யார் முகம் என்றே தெரியாத அரசாங்கம் வாக்கைக் காப்பாற்றியது. என் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் காப்பாற்றவில்லை.

உனக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? மெலிந்து, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாய். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவாய் என்று பார்வையாளர் நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். "மலரு இன்னா படிக்குது?" என்று கேட்டாய். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாய். அந்த வார்த்தை உன்னோடு போய்விட்டது.

நேற்று முதல் நான் வீடு வீடாகப் போகிறேன். இம்முறை தாள் இல்லை, கைப்பேசியிலேயே பதிய வேண்டும். இந்தச் சுற்றில் பெரும்பாலும் வீட்டைப் பற்றிய கேள்விகள்தான்: சுவர், கூரை, தண்ணீர், கழிப்பறை. நடுவில் இங்கே வசிக்கும் மணமான தம்பதிகள் எத்தனை என்று ஒன்று வருகிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சந்து வீட்டில், மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு ஒரு பெண் "ஒரு ஜோடி" என்று உரக்கச் சொன்னாள். நான் படியிறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்து, "மேடம், அத மாத்திடுங்க. அவரு இங்க வர்றதில்ல" என்றாள். மாற்றிவிட்டேன். வெளியே போகாது என்றேன். அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மேலே போனாள். கீழ்வீட்டுக்காரி வாசலில் காத்திருந்து, அந்தப் பெண் என்ன சொன்னாள், புருஷன் இருக்கிறானா என்று கேட்டாள். அதையெல்லாம் கேட்கக் கூடாதம்மா என்று சொல்லிவிட்டு, அவள் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன்.

நேற்று சாயங்காலம் மயிலாப்பூர்க் குளக்கரை ஓரமாக நடந்து வந்தேன். அந்தப் பெண்ணின் முகம் நெஞ்சில் கல் மாதிரி கிடந்தது. பெயர் வேண்டாம், தெரு வேண்டாம், இப்படி ஒருத்தியைப் பார்த்தேன் என்று மட்டும் யாரிடமாவது சொன்னால் போதும் போலிருந்தது. உனக்கும் இப்படித்தான் கனத்திருக்குமோ என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தாலும் மனம் இறங்கவில்லை.

யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தபோது முதலில் மனதில் வந்து நின்றவள் நீ. உனக்குப் பிறகு அந்த இடத்துக்கு நான் யாரையும் விடவில்லை.