உயரம் காட்டும் வட்டம்

ஒக்டோபர் 5, ஞாயிறு

காலையில் வெயில். இரண்டு மணிக்கு மேல் இடி, மழை. காயப்போட்டது எல்லாம் மறுபடி உள்ளே.

ரிஸானா வந்தது. மடவளையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், குட்ஷெட் பஸ் நிலையத்தில் இருந்து தெல்தெனிய பஸ். குடை இருந்தும் பாதி நனைந்து போயிருந்தது. கண்டி ஸ்டிக்கர் கடையில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து மேசை அந்தப் பிள்ளைக்கு. மாசியில் இவர் செத்த வீட்டுக்கும் மூன்று நாள் வந்து நின்றது.

வந்த காரியம், இவருடைய விமானம். கம்ப்யூட்டருக்குள் ஓட்டுகிற விமானம் அது. யாரும் சும்மா எடுத்து ஓட்டலாம், யாரும் திருத்தலாம். எந்தெந்த நாட்டு ஆட்களோ சேர்ந்து செய்கிறார்கள். இவர் அதில் ஒரு பழைய இரண்டு சீட் விமானத்துக்கு, ஓட்டுகிறவர் முன்னால் இருக்கும் வட்டங்களை வரைந்து கொடுத்தார். வேகம், உயரம், எண்ணெய், திசை. கடையால் வந்து, குளித்து, சாப்பிட்டு, வரைவார். நான் பக்கத்தில் கதிரை போட்டு வெங்காயம் உரிப்பேன்.

இப்போது அந்த வட்டங்களைக் காட்டுகிற முறையையே மாற்றுகிறார்களாம்.

"பழைய முறையில ஈக்குற விமானத்தை எல்லாம் அடுத்த தடவை எடுத்துப் போடுவாங்க அக்கா. இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் தந்திருக்காங்க."

"எடுத்துப்போட்டா?"

"பிறகு ஒருத்தரும் ஓட்ட ஏலாது. பேரும் போயிரும்."

இவர் பேர்.

என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கடைக் கதையாகவே சொன்னது. ஆட்கள் போனில் பிடித்த போட்டோவைக் கொண்டு வந்து, இதைப் பெரிதாக வெட்டித் தாங்க என்பார்களாம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். கோடாகக் கொடுத்தால் எவ்வளவு பெரிதானாலும் உடையாது. இவர் வட்டங்கள் எல்லாம் போட்டோ மாதிரி. அவர் வரைந்த காலத்தில் அப்படித்தான் ஏற்றலாம். இனி எல்லாம் கோடு. கம்ப்யூட்டரே அந்த அந்த நேரம் புதிதாக வரைந்துகொள்ளும்.

கம்ப்யூட்டர் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டது. விடவில்லை. இவருடைய படங்களைப் பென்டிரைவில் எடுத்தது. பிறகு விமானத்தை ஓடவிட்டு, ஒத்துப்பார்க்க என்று திரையைப் போனில் பல போட்டோ பிடித்தது. பிளேன் டீ, கிரீம் கிரேக்கர். கடைசிக் கண்டி பஸ்ஸுக்கு முன் அனுப்பிவிட்டேன்.

வாங்க வேண்டியது: பருப்பு, சவர்க்காரம், திரி.

ஒக்டோபர் 7, செவ்வாய்

நான் துணி துவைக்கிற கெஸ்ட் ஹவுஸில் வெள்ளைக்காரர் நிறைய. விரிப்பு மட்டும் ஒரு மலை. தோள் வலி.

நாத்தனார் வந்தார். உள்ளே வந்ததும் கண் கம்ப்யூட்டரில்.

"வருசம் திரும்பல. பூசையா வச்ச?"

"இல்ல மதினி. பொட்டு மட்டும்."

ஆயுத பூசைக்கு இவர் ஒவ்வொரு வருடமும் கத்தரிக்கோலுக்கும் பெட்டிக்கும் பொட்டு வைப்பார். இந்த வருடம் நான் படம் வைக்கவில்லை, கற்பூரம் காட்டவில்லை. கம்ப்யூட்டர் கண்ணாடியில் ஒரு குங்குமம் மட்டும்.

"பெட்டிக்கு இருக்கு. ஒனக்குத்தான் இல்ல." பகிடியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது முகம் மாறிவிட்டது. கருவாடு கொண்டு வந்திருந்தார், அதைப் பற்றிப் பேசினோம்.

போன பிறகு ஈரத் துணியால் துடைத்தேன். லேசில் போகவில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மழை இல்லை. மேகம்.

ரிஸானா புது வட்டங்களைக் கொண்டு வந்து இவர் பெட்டியில் போட்டுக் காட்டியது. எவ்வளவு கிட்டப் போனாலும் உடையவில்லை. முள் வழுக்கிக்கொண்டு போகிறது. முன்பு தடுக்கித் தடுக்கிப் போகும், இவர் அதற்கு ஏசுவார். எண்கள் இவர் கை எழுத்தே. முன்பு கடைகளுக்கு இவர் போர்டு எழுதுகிற மாதிரி, மூன்றுக்கு வால் உள்ளே சுருண்டு. ஒவ்வொன்றின் மேலும் கோடு ஓட்டி எடுத்ததாம்.

"உம்மா கேக்குறா, ராவும் பகலும் என்னத்த கீறுறேன்னு."

வேகம் காட்டும் வட்டத்தில் ஓரமாக ஒரு சிவப்புப் புள்ளி. விமானத்துக்கு வேண்டிய ஏதோ என்று நானும் கேட்கவில்லை.

இங்கிருந்தே அனுப்பியது. பார்த்துச் சரி சொல்கிறவர் ஒரு ஜெர்மனிக்காரர்.

ஒக்டோபர் 15, புதன்

விரிப்பு பிழிந்துகொண்டிருக்கும்போது போன். ரிஸானா. குரல் சரியில்லை.

"அக்கா, அந்தச் செவப்புப் புள்ளி என்னன்னு கேட்டு எழுதியிருக்கார். உண்மையான விமானத்துல கோடு மட்டும்தானாம், புள்ளி இல்லயாம். அண்ணன்ட படத்துலயும் இல்ல. ஆனா நான் பிடிச்ச போட்டோவுல ஈக்குது. விட்டுப்போச்சேன்னு பார்த்துப் பார்த்துக் கீறினேன்."

"எந்தப் பக்கம்?"

"வேகத்துல. எடது பக்கம்."

"அது குங்குமம்."

"யா அல்லாஹ், பொட்டையா கீறி ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கேன்?"

சிரித்தது. நானும் சிரித்தேன். தொட்டியில் தண்ணீர் வழிந்து மெனேஜர் எட்டிப் பார்த்தார்.

ஆனால் காரியம் கெட்டுத்தான் இருக்கிறது. ஒரு பிழை கண்டதும் அந்த ஆள் எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறாராம். எண்களில் நிற்கிறார். மற்ற விமானம் எல்லாம் ஒரே பொது எழுத்தைத்தான் போட்டிருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் வேறு என்று.

"நீ என்ன சொன்ன?"

"ஒன்னும் சொல்லல்ல. ஒங்கள்ட கேக்காம என்னத்த சொல்ல."

இரவு வறுத்த கருவாடு அப்படியே.

ஒக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளைகள் இன்றே வெடி போடுகிறார்கள். நமக்கு இந்த வருடம் இல்லை.

ஜெர்மனிக்காரர் பதில் போட்டிருக்கிறார். நல்ல மனிதர்தான். எந்த எழுத்தானாலும் சரி, நீங்களே முடிவு செய்யுங்கள், சின்னதாக இருக்கும்போதும் வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவு. புள்ளியை எடுத்தாயிற்று.

ரிஸானா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஒன்றில் இவர் எழுத்து, ஒன்றில் பொது எழுத்து. உயரம் காட்டும் வட்டத்தின் நடுவில் சின்ன ஜன்னல் ஒன்று, அதில் எண் உருண்டு வரும். என்னைக் கதவடியில் உட்காரச் சொல்லி, முதலில் இவர் எழுத்தைக் காட்டியது.

"வாசிங்க அக்கா."

"எண்ணூறு."

"இல்ல, முந்நூறு. இப்ப?"

"முந்நூறு."

"எண்ணூறு."

கிட்டப் போனால் இவர் எழுத்து எவ்வளவு அழகு. அங்கிருந்து பார்த்தால் அந்தச் சுருண்ட வால் மூன்றை மூடி எட்டாக்கிவிடுகிறது. பொது எழுத்தில் ஒன்றும் பிழைக்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தோம். அந்தப் பிள்ளை பிறகு வேண்டுமென்றே இவர் எழுத்தில் லேசான எண்களாகக் காட்டியது, எனக்குத் தெரியும்.

"அண்ணன்டதையே வச்சிருவோம். அவர்தான் நம்ம இஷ்டம்னு சொல்லிட்டாரே."

இவர் கை எழுத்து வேறு எங்கே இருக்கிறது. பேக்கரி போர்டைப் போன வருடமே கழற்றிவிட்டார்கள். கோயில் போர்டுக்குப் புதுப் பெயிண்ட். கேஸ் சிலிண்டர் கடைச் சுவர் இருக்கிறது, பாதி பாசி.

"மாத்து" என்றேன்.

"அக்கா."

"உயரத்தப் பெழையா வாசிச்சா மலையில கொண்டுபோய் இடிப்பாங்க. மாத்து."

அழுதது. ஒங்களுக்கு ஒன்னுமே இல்லையா என்று கேட்டது. நான் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். சீனி போட மறந்துபோனேன். அதுவும் சொல்லாமல் குடித்தது.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் முறுக்கு தந்தார்கள்.

பழைய விமானத்தைத் திறக்க ரிஸானா எழுதிவைத்துப் போன மாதிரி நானே பெட்டியைப் போட்டேன். பழைய வட்டங்கள் வந்தன. மூன்றுக்குக் கிட்டப் போனேன். இன்னும் கிட்ட. கட்டம் கட்டமாக உடைந்தது. கறுப்பு, சாம்பல், வெள்ளை. மூன்று என்று ஒன்றும் இல்லை.

பெட்டியை மூடிவிட்டு வாசல் கூட்டினேன். வெடிக் காகிதம்.

ஒக்டோபர் 23, வியாழன்

விமானத்தை ஏற்றுக்கொண்டார்கள். பேர் வரிசையில் இவர் முதல், ரிஸானா கீழே. அந்தப் பக்கத்தைப் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தது. இங்கிலீஷில் இவர் பேரின் முதல் எழுத்து எனக்குத் தெரியும். மீதியை மெனேஜரிடம் காட்டினேன். வாசித்தார். நான் வாயால் சொல்கிற பேர் இல்லை அது, ஆனாலும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

தோள் வலிக்கு எண்ணெய் முடிந்தது.

ஒக்டோபர் 26, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். நாத்தனாரும் வந்திருந்தார். "செத்தவன் வெளையாட்டுச் சாமானப் போட்டுக்கிட்டு என்னாடி செய்றீங்க ரெண்டு பேரும்" என்றார். ஆனால் போகவில்லை, கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்.

புது விமானம். கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் ஏற்றி கண்டிப் பக்கம். ரிஸானா ஓட்டியது. கடை மேசையில் அண்ணன் ஓட்டிக் காட்டின மாதிரி வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டது. மேகம், ஒன்றும் தெரியவில்லை. என்னை எண் வாசிக்கச் சொன்னது. கதவடியில் இருந்தே வாசித்தேன்.

"இப்ப உயரம் எவ்வளவு அக்கா?"

"ரெண்டாயிரத்து எண்ணூறு."

"மலை வருது."

"அப்ப ஏத்து."

"ஏத்திக்கிட்டுத்தான் ஈக்கேன்."

"பத்தாது, இன்னும் ஏத்து."

நாத்தனார் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்.

மூவாயிரம். மூவாயிரத்து நூறு. இருநூறு. கீழே பச்சை வந்து, கிட்ட வந்து, பின்னால் போனது. மூவாயிரத்து முந்நூறு என்றேன். இவருடைய மூன்று இல்லை. மூன்றுதான்.