ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார்

அன்புள்ள ரென்ஸ்கே,

நானும் அப்பாவும் இங்கே ஏதோ நல்லபடியாக இருக்கிறோம், கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். கடலைத் தடுக்கும் அணைக்கரையில் மேய்கிற ஆடுகள் எல்லாம் குட்டி போட்டுவிட்டன, கடல்காற்றுதான் ஓய்ந்தபாடில்லை. உன் அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயதில் வந்த ஆசையைக் கேட்டால் சிரிப்பாய். நாற்பது வருஷமாக ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிய சைக்கிள் போதாதாம், ஆட்டுக்கொம்பு மாதிரிக் கீழே வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிள் வேண்டுமாம். ஏன் என்று கேட்டால், "எதிர்காத்துடி கேஸ்கே, குனிஞ்சா மேலாப்ல போயிடும்" என்கிறார். எதிர்காற்று இன்றைக்கா வந்தது? இத்தனை வருஷமும் அந்தக் காற்றில் பக்கத்திலேயே ஓட்டியபடி என் முதுகில் ஒரு கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்த மனுஷன். சைக்கிள் கடைக்கார வாபே, "வேணாம்ணே, கழுத்து பிடிச்சுக்கும்" என்று சொல்லியும் கேட்கவில்லை, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க ஒன்றை வாங்கி வந்துவிட்டார். காரணம் தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, உனக்குத்தான் தெரியுமே. தொப்பையைக் குறைக்கவா, இல்லை பால்பண்ணை ஹில்ட்யேவுக்கு மினுக்கிக் காட்டவா என்றுகூட யோசித்தேன், சிரிக்காதே.

அந்த ஹில்ட்யேதான் சர்ச் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரர் என் பேரைச் சொல்லாம 'வணக்கம் அம்மா'ன்னுட்டுப் போறாரு, நான் என்ன டவுன்காரியா?" என்று சண்டைக்கு வந்தாள். சனிக்கிழமை கால்வாய்ப் பாதையில் அவர் பின்னாலேயே போனேன். காற்றே இல்லாத இடத்திலும் எதிரே ஆள் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறார், ஆள் கடந்ததும் நிமிர்கிறார். நம் ஊரில் நிமிர்ந்து ஓட்டுகிறவர் எதிரே வருகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் போனால் என்ன பேச்சு வரும் என்று உனக்குத் தெரியும், தலை குனிந்தே பறக்கிற ரேஸ் சைக்கிள்காரரை மட்டும் யாரும் குறை சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து காப்பி ஊற்றும்போது நேராகவே கேட்டுவிட்டேன், பேரெல்லாம் மறந்துபோகிறதா என்று. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "முகம் தெரியுதுடி, பேரு வரமாட்டேங்குது, தேடுறதுக்குள்ள ஆள் போயிடுறாங்க" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அழாதே, உன் பேரு இன்னும் இருக்கு" என்று கிண்டல் வேறு.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போது பழையபடி அருகருகே போகிறோம், தூரத்தில் ஆள் தெரிந்ததுமே "ஹில்ட்யே வர்றா" என்று மெல்லச் சொல்லிவிடுவேன், அவர் "என்ன ஹில்ட்யே!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவார், அவளுக்கு வாயெல்லாம் பல். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம், நீ அங்கே இருந்துகொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

இருவரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நோய்நொடியின்றி நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. அப்பா போன் எடுத்ததும் "நான்தாம்பா" என்றே ஆரம்பிக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை உன்னோடு அத்தனை நேரம் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வைத்தவர், என்னிடம் வந்து, "நம்ம பொண்ணு பேசினா, அவ பேரு என்னடி?" என்று கேட்டார். இனிமேல் அவர் எடுத்ததும் முதலில் உன் பெயரைச் சொல், தாயே.

உன் அம்மா,
கேஸ்கே