அண்ணாவின் சைக்கிள் கொப்பி

ஊர் ஊராய்ச் சைக்கிள் ஓட்டித் திரிந்த என் அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது. அம்மாவின் கண்ணில் வெள்ளை இன்னும் படர்ந்துவிட்டது. வெட்டி எடுக்கலாம் என்கிறார் டொக்டர். "இனி ஆரைப் பார்க்க?" என்று அம்மா கேட்கிறா. உங்கள் சைக்கிள் வெள்ளவத்தை வீட்டுப் படிக்கட்டின் கீழே அப்படியே நிற்கிறது. பின்சில்லில் இன்னமும் காற்றில்லை.

அன்றைக்குக் காற்று இருந்திருந்தால் கொட்டாஞ்சேனை டியூட்டரிக்குக் கணக்குப் படிப்பிக்க நீங்கள் பஸ்ஸில் போயிருக்கமாட்டீர்கள். வரும் வழியில் அம்மாவின் கண்மருந்து வாங்கக் கோல்றோட்டில், பம்பலப்பிட்டியில் இறங்கினீர்கள். பின்னால் முந்திக்கொண்டு வந்த பிரைவேட் பஸ்ஸை நீங்கள் காணவில்லை. செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் குரலைத் தாழ்த்தி "குண்டோ?" என்றுதான் கேட்டார்கள். "இல்லை, பஸ்" என்றேன். "பஸ்ஸுக்குள்ள குண்டோ?" என்று கேட்டார் ஒருவர். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொன்னால் கோபிப்பீர்களா?

நீங்கள் பயணக்கதை எழுதி வைத்த கொப்பி இப்போது இல்லை, அண்ணா. நான்தான் அழித்தேன்.

ஆகஸ்ட் லீவில் நீங்களும் உங்கள் கூட்டாளி ரிஸ்வான் நானாவும் போய் வந்த பயணம் முழுக்க அதற்குள் இருந்தது. ஒருநாளும் பூட்டாத சைக்கிள் சாமான் கடையைப் பூட்டிவிட்டு அவர் வந்ததே பெரிய புதினம் என்று எழுதியிருந்தீர்கள். அவிசாவளை தாண்டினதும் மூக்கில் ஏறிய றப்பர்பால் மணம். ஹப்புத்தளை ஏற்றத்தில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இந்த மேட்டையா மிதிச்சு வந்தீங்க? பஸ்ஸு கெட்டுப்போச்சுங்களா?" என்று பரிதாபப்பட்ட அக்கா. பிபிலையில் தோடம்பழம் தந்து, காசு வாங்க மறுத்து, நாலு மணிக்குப் பிறகு ஆனை வரும், போகாதீர்கள் என்று மறித்த சிங்களக் கிழவர். பொத்துவிலில் விடியற்காலம். "சூரியன் கடலுக்குள் போவதையே பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே அது கடலுக்குள்ளிருந்து வருகிறது. கொஞ்சமும் நனையவில்லை."

பக்கத்துக்குப் பக்கம் நீங்கள் கீறிய வழிப்படங்களும் இருந்தன. கணக்கு மாஸ்டர் அல்லவா, சும்மா இருப்பீர்களா? இந்தப் பாலம், ஆமிக்காரர் நிற்கும் இந்தச் சென்றி, இந்த ஏற்றம், இங்கே நல்ல தண்ணீர்க் கிணறு. அழுத்தி எழுதுகிற கை உங்களுக்கு. தாளைத் திருப்பினால் மறுபக்கத்தில் எழுத்து விரலுக்குத் தட்டுப்படும். நீங்கள் போன பிறகு பின்னேரம் விளக்கு வைத்ததும் அம்மா என்னை அதில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுவா. முடிந்தால் திரும்ப முதலிலிருந்து.

போன மாதம் நகரத்தில் எங்கோ குண்டு வெடித்தது. அடுத்த நாள் காலையே கீழ்வீட்டு மாமி மூச்சு வாங்க ஓடிவந்தா. "பிள்ளை, எங்கட லேனைச் சுத்தி வளைச்சிட்டாங்கள். வீடு வீடாச் செக் பண்ணுறாங்கள். படம், கிடம் ஒண்டும் வைச்சிருக்காதை!"

அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவையும் மேசையில் வைத்தேன். பிறகுதான் உங்கள் பாலங்களும் சென்றிகளும் ஞாபகம் வந்தன. எரித்தால் புகை வரும். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். உங்கள் போல்பொயின்ற் மை கரையவே இல்லை. கடைசியில் துண்டு துண்டாய்க் கிழித்துக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பிபிலை என்று எழுதிய துண்டு ஒன்று மேலே மிதந்து வந்தது. இன்னொரு வாளி ஊற்றினேன்.

வந்தவர்கள் அலுமாரியைக்கூடத் திறக்கவில்லை. அட்டைகளைப் பார்த்தார்கள், குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள், போனார்கள். நானும் படியிறங்கி வந்தேன். அதில் ஒரு பொலிஸ்காரன் உங்கள் சைக்கிளைக் கண்டுவிட்டு, "காகெத மே பைசிகலே?" என்றான். அண்ணாவுடையது, பஸ் அடித்து இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் பிரேக்கை மெதுவாக அமர்த்திப் பார்த்தான். தனக்கு ஊர் பிபிலை, அங்கே எதற்கும் சைக்கிள்தான் என்றான். உன் அண்ணா தூரமெல்லாம் போவாரா என்று கேட்டான்.

"இல்லை. வேலைக்கு மட்டும்தான்."

அப்படித்தான் சொன்னேன், அண்ணா. ஓம் என்று சொல்லியிருந்தால்? தோடம்பழக் கிழவரைத் தனக்குத் தெரியும் என்றிருப்பானோ, ஜீப்பில் ஏறு என்றிருப்பானோ? எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஒரு காலைக்குள் உங்கள் பயணத்தை இரண்டு தரம் இல்லையென்று ஆக்கிவிட்டேன் என்பது மட்டும் தெரியும். என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லத் துணிவு வரவில்லை. புதுக் கொப்பி ஒன்று வாங்கி, வெறும் தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினேன். ஞாபகத்தில் இருந்தது ஒன்பது நாளில் முடிந்தது. ரிஸ்வான் நானாவைக் கேட்டேன். "எனக்கு ஞாபகம் ஈக்கிறது பங்சர் மட்டும்தான் தங்கச்சி" என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார். பிறகு என்ன செய்வது, இட்டுக்கட்டத் தொடங்கினேன். உங்கள் வாயால் பொய் சொல்லுகிறேன். உங்களைப் போல் எனக்குக் கண் இல்லை. ஒன்றும் தோன்றாமல் மொனராகலையில் ஐந்து நாளாக உங்களை மழையில் நிற்க வைத்திருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் அம்மா கையை நீட்டிக் கொப்பியை வாங்கினா. விரலால் ஒரு பக்கத்தைத் தடவினா. தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் தடவினா. எழுத்து ஒன்றும் தட்டுப்பட்டிருக்காது. அம்மா கொப்பியை என் மடியில் திரும்ப வைத்தா.

"பிள்ளை, அஞ்சு நாளா அவன் நனைஞ்சு கொண்டிருக்கிறான். இண்டைக்கு எங்கயாவது மழை இல்லாத இடத்தில படுக்க வை."

பொத்துவிலில் ஒரு மீன்வாடியில் உங்களைப் படுக்க வைத்தேன். கூரை ஒழுகவில்லை என்று இரண்டு தரம் வாசித்தேன். அம்மா "ஓம், ஓம்" என்று தலையை ஆட்டினா.

உங்கள் கடைசிப் பக்கம் மட்டும் எனக்குச் சொல்லுக்குச் சொல் பாடம். "கல்கிசை. வீட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான். பிபிலை ஆனைக்குத் தப்பிவிட்டோம், கோல்றோட் பஸ்ஸுக்குத் தப்பவேண்டும்." அதை நான் அம்மாவுக்கு வாசிக்கமாட்டேன். கரையோரமாக மெல்ல மெல்லத்தான் ஓட்டி வருவேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. கல்கிசை கண்ணில் பட்டதும் சைக்கிளைத் திருப்பிவிடுவேன், திரும்பவும் பொத்துவிலுக்கு. அதற்கு இங்கால் உங்களை வரவிடமாட்டேன், அண்ணா. வீட்டுக்கும்தான். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் சைக்கிளின் முன்பாரில் இருந்து பள்ளிக்கூடம் போன,
உங்கள் ஒரே தங்கச்சி